ஒன்பது மாத வீடு

எங்கள் ஊரில் வீடு ஒன்பது மாதம்தான் சுமக்கும். அதற்குமேல் தாங்காது, பெற்று வெளியே போட்டுவிடும். “பெத்தவளே பத்து மாசம் சுமந்தா, இந்த வீட்டுக்கு ஒரு மாசம் பொறுமை கம்மி” என்று என்னோடு ஓட்டலில் வேலை பார்க்கிற சுருக்கக்கா ஒவ்வொரு வருடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டேதான் மூட்டை கட்டுவாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. எங்களுடையது கடற்கரை ஊர். வருடத்தில் மூன்று மாதம் வெயில் பளிச்சென்று அடிக்கும், கடல் சொன்னபடி கேட்கும். அந்த மூன்று மாதமும் உலகமே இங்கே வந்து குளித்துவிட்டுப் போகும். அதற்குச் சீசன் என்று பெயர். நாங்கள் மாதம் முழுக்க இருந்துவிட்டுக் கொடுக்கிற வாடகையை, சீசனுக்கு வருகிறவர்கள் இரண்டு ராத்திரிக்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்த வீட்டுக்காரருக்குத்தான் இது தெரியாது? ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு வீடு ஒன்பது மாதத்துக்குத்தான். சீசன் தொடங்குமுன் பாத்திரம் பண்டம், துணிமணி, சுவரில் மாட்டிய போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும். கட்டிலும் மெத்தையும் இருக்கட்டும் என்பார்கள், வருகிறவர்களுக்கு ஆகும். மழை தொடங்கியதும் திரும்பி வந்து, அவர்கள் விட்டுப்போன மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி குடும்பம் நடத்தலாம்.

சீசனில் எல்லாவற்றுக்கும் இரண்டு விலை, ஊர்க்காரனுக்கு ஒன்று, வந்தவனுக்கு ஒன்று என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுத்தப் பொய். இரண்டு விலை இருந்தால் ஊர்க்காரன் பிழைத்துக்கொள்வானே. ஒரே விலைதான், வந்தவன் விலை. தக்காளிக்கு எங்கள் முகம் தெரியாது. முடி வெட்டுகிறவர் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம், அவரே சீசனில் யானை விலை குதிரை விலை சொல்வார். அந்த மூன்று மாதமும் காதை மூடி முடி வளர்ந்த ஆண் யாரைப் பார்த்தாலும் இவன் நம்ம ஊர் ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கடற்கரைத் தெருவில் ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் எனக்கு வேலை. துணி துவைக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். துவைப்பது இயந்திரம், நான் அதற்குப் பணிவிடை செய்கிறவன். மேல்மாடிகளில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்கள் அழுக்குத் துணியைச் சுவரில் இருக்கும் ஒரு சதுர ஓட்டைக்குள் போடுவார்கள். அது மூன்று மாடி இறங்கி என் காலடியில் வந்து விழும். அறையில் தங்கியிருந்தவர் கிளம்பிவிட்டால் எங்கள் பாஷையில் அந்த அறை ‘காலி’. சுருக்கக்கா அந்த ஓட்டைக்குள் தலையை நீட்டி, “தம்பி, முப்பத்தி ரெண்டு காலி” என்பாள். பின்னாலேயே மூட்டை வரும். மூட்டைக்குப் பின்னால், முப்பத்திரண்டில் தங்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா, குளியலறையில் என்ன விட்டுப்போனார்கள் என்று முழுக் கதையும் இறங்கி வரும்.

அவள் பெயர்க் காரணம் இதுதான். அவள் போட்ட படுக்கையில் சுருக்கம் இருக்காது. விரிப்பின் நான்கு மூலையையும் உறை மடித்த மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் அதன்மேல் தண்ணீர் ஊற்றினாலும் நிற்கும்போல இருக்கும். எங்காவது ஒரு கோடு தெரிந்தால் மொத்தத்தையும் உருவி மறுபடி போடுவாள். படுக்கையில் சுருக்கம் ஆகாது, பேச்சிலோ சுருக்கமே கிடையாது. இரண்டையும் சேர்த்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. “கிழவியானப்புறம் முகத்துக்கும் பொருந்தும், பேரை மாத்த வேண்டாம் பாரு” என்பாள்.

அவள் புருஷன் வயர்மேன். ஊரே அவரை வயர்மேன் அண்ணன் என்றுதான் கூப்பிடும். கடற்கரைத் தெருவில் இப்போது ஜெகஜ்ஜோதியாக எரிகிற ஓட்டல்களில் பாதிக்கு அவர்தான் கம்பி இழுத்தவர். பேசமாட்டார். ஒரு வீட்டில் பேசுவதற்கு ஓர் ஆள் போதும் என்று அந்தத் துறையை மனைவிக்கே விட்டுக்கொடுத்துவிட்டவர்.

ஓட்டலுக்குப் பின்சந்தில் அவர்கள் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கட்டிலை ஒட்டி ஒரு ஜன்னல். அதன் வழியே பார்த்தால் எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரியும். அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா ‘கடல் பார்த்த வீடு’ என்று விளம்பரம் கொடுப்பாள். அண்ணன் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடி கையைப் போட்டால் படுகிற உயரத்தில், ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார். அக்கா அசந்து தூங்கிவிட்டால் விளக்கணைக்க யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று. வருடாவருடம் சீசனில் தங்கிப் போனவர்கள் எல்லோரும் இணையத்தில் அந்த ஸ்விட்சைப் பாராட்டி எழுதினார்கள்.

பிறகு அண்ணனுக்கு நெஞ்சில் சீக்கு வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்புறம் நடந்தாலே, அப்புறம் உட்கார்ந்தாலே. ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். மருந்து கொடுக்கலாம், குணமாகும் என்று சொல்ல மாட்டேன், ஈரம் ஆகாது, ஜன்னலண்டை காற்றுப்பட வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்காவுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் காதில் நின்றது. “ஜன்னல் நம்மகிட்ட இருக்கு டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். ஒன்பதாவது மாதம் முடிய அப்போது கொஞ்ச நாள்தான் இருந்தது.

முந்தைய வருடங்களில் அண்ணன் சம்பாத்தியம் இருந்ததால், அக்கா சீசனுக்கு ஓட்டலில் லீவு போட்டுவிட்டு இருவரும் மகள் வீட்டுக்குப் போவார்கள். பஸ்ஸில் வெகு தூரம். மகளுக்கு இப்போது இரட்டைக் குழந்தைகள், மாமனார் மாமியார், எல்லோரும் ஒரே கூடத்தில். அங்கே போனால் ஆஸ்பத்திரியும் இல்லை, அக்காவுக்கு வேலையும் இல்லை. ஊருக்குள்ளேயே ஓர் அறை பிடிக்கலாம் என்று அக்கா சந்து சந்தாக அலைந்தாள். சீசனில் கார் நிறுத்துகிற கொட்டகைகூட ‘எளிமையான தங்குமிடம்’ ஆகிவிடும். கடைசியில் எங்கள் மேனேஜர் மனசு இரங்கி, கீழ்த்தளத்தில் ஒரு சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தார். வாடகை வேண்டாம் என்றார். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அந்த அறைக்கு ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் என் இயந்திரங்கள். ஜன்னல் கிடையாது. ஈரம் ஆகாது என்று டாக்டர் சொன்ன மனுஷனை நாள் முழுக்க ஆவி கிளம்புகிற இடத்தில் கொண்டுவந்து போட்டோம். துணி உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன், கதவிடுக்கில் பழைய துண்டைச் செருகினேன். எதுவும் பிரயோசனப்படவில்லை. சுவர் வியர்த்துக்கொண்டே இருந்தது. என் வேலை அவருக்கு மூச்சை அடைக்கிறது என்று தெரிந்துகொண்டே வேலை செய்வது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அக்கா மத்தியானம் சாப்பாட்டோடு கீழே இறங்குவாள். அண்ணன் கேட்கிற முதல் கேள்வி வீட்டைப் பற்றித்தான், “காலியாச்சா?”

“இன்னும் இல்லீங்க. இந்த வாரம் ஒரு புதுக் கல்யாண ஜோடி. பொண்ணு சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குது, பையன் போனையே பாத்துட்டு இருக்கான். இது எங்க உருப்படப் போகுது. அவங்க போனா இன்னொரு குடும்பம் வருதாம். அப்புறம் சீசன் முடிஞ்சிரும், நாம போயிடலாம்.”

“ஸ்விட்ச் வேலை செய்யுதா?”

“செய்யுதாம், செய்யுதாம். நீங்க சாப்பிடுங்க.”

இதே பேச்சுத்தான் தினமும். ஜோடி மட்டும் மாறும்.

வீட்டுக்காரம்மா ஒருநாள் என் கீழ்த்தளத்துக்கே வந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, கொஞ்சநேரம் இயந்திரம் சுற்றுவதையே பார்த்தாள். அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அப்படிச் சொல்ல முடியாது. அவள் பையன் எங்கோ தூரத்தில் படிக்கிறான், அதற்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. சீசனில் அவளே தன் வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு கடையின் பின்னறையில் தூங்குகிறாள். இந்த ஊரில் சொந்த வீடு உள்ளவர்களுக்கும் வீடு கிடையாது.

அக்கா மேலேயிருந்து வந்ததும் வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “இந்த வருஷத்துலருந்து வருஷம் பூரா வெளியூர் ஆளுங்களுக்கே விடுறதா முடிவு பண்ணிட்டேன். மழைக்கும் ஆளு வர்றாங்களாம். தப்பா நினைச்சுக்காதம்மா.”

அக்கா கையில் தலையணை உறைகள் இருந்தன. அவற்றை மடிப்பதை நிறுத்தவில்லை.

“நீ அந்த வீட்டு மூலை முடுக்கெல்லாம் தெரிஞ்சவ. ஆளு மாறுற நாள்ல நீயே வந்து சுத்தம் பண்ணிக் குடு. வேற யாரையும் கூப்பிட எனக்கு மனசு வரலை. கூலியை முன்னப்பின்ன இல்லாம குடுத்துருவேன்.”

தன் வீட்டைத் தானே பெருக்கத் தனக்கே கூலி. நானாக இருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா போனபிறகு என்னிடம் திரும்பி, “அவர்கிட்ட மூச்சு விடாதே” என்றாள். சாமான் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவர் தூங்குகிறார் என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

அதற்கப்புறமும் அவர் தினமும் “காலியாச்சா?” என்று கேட்டார். அவளும் தினமும் புதுசு புதுசாக விருந்தாளிகளின் கதை சொன்னாள். ஆளு மாறுகிற நாட்களில் நான் சக்கரம் வைத்த துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் அழுக்கு விரிப்புகளை எடுத்து வருவேன். அக்கா அங்கே தன் சமையலறையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஒரு தரம், “யாரோ கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டாங்க. நம்மளுது இல்லை, வீட்டுக்காரம்மாது” என்றாள். பிறகு, “எல்லாமே அவங்களுதுதான்” என்றாள்.

சீசன் நடுவில் அண்ணன் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தார். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, அந்த ஜன்னலண்டை ஒரே ஒரு தடவை படுத்து எந்திரிச்சா போதும்டா” என்றார். அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் அதை அக்காவிடம் சொன்னேன். அவள் அன்று ஓட்டைக்குள் தலையை நீட்டி ஒரு கதையும் சொல்லவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

“நாளைக்கு வீட்டுல ஆளு மாறுறாங்க. பதினோரு மணிக்குப் போறவங்க போயிருவாங்க. வர்றவங்க ரெண்டு மணிக்கு மேலதான். நடுவுல வீடு நம்மளுது. உன் வண்டியில அவரைக் கூட்டிட்டு வந்துரு.”

“அவர்கிட்ட என்னன்னு சொல்றது?”

“சீசன் முடிஞ்சுதுன்னு சொல்றேன். கொஞ்சம் தூங்கி எந்திரிக்கட்டும். அப்புறம் என்னத்தையாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம். நான் பேசிச் சமாளிக்காததா?”

மறுநாள் காலையில் அவரே முகம் மழித்துக்கொண்டார். மோவாயில் ஒரு வெட்டு. அக்கா புதுச் சட்டை போட்டுவிட்டாள். வண்டிக்குள் நான் மூன்று நான்கு போர்வைகளை மெத்தை மாதிரி அடுக்கியிருந்தேன். அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது திடுக்கென்றது. நனைந்த விரிப்பு மூட்டைகூட அவரைவிடக் கனக்கும்.

பின்சந்து ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்ததால் கடற்கரைத் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீசன் முடிந்துவிட்டது என்று சொல்லி அழைத்துப்போகிறோம், தெருவில் கால் வைக்க இடமில்லை. குடைகள், ஈரத் துண்டுகள், காற்றடைத்த பொம்மைகள், ஐஸ்கிரீமை முழங்கைவரை வழியவிட்ட குழந்தைகள். கண் தெரியாதவனுக்குக்கூட அந்த இரைச்சலில் சீசன் தெரிந்துவிடும். அக்கா வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தபடி வாய் ஓயாமல் பேசினாள். வீட்டைப் பெருக்க வேண்டும், அடுப்பைச் சரிபார்க்க வேண்டும், மகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். பேசிப் பேசியே அந்தத் தெருவை மறைத்துவிடலாம் என்று நினைத்தாள். வண்டிக்குள் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் ஏதோ வேடிக்கை என்று எண்ணிக் கை ஆட்டினார். அண்ணன் பதிலுக்குக் கை ஆட்டினார். இது என்ன கூட்டம் என்று கேட்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் அவர் நேரே கட்டிலுக்குப் போக வேண்டும் என்றார். அக்கா அழுக்கு விரிப்பை உருவிவிட்டு, நான் கொண்டுபோன ஒரே ஜோடிப் புது விரிப்பைப் போட்டு அவரைப் படுக்க வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது. அவர் தலையைத் திருப்பி அந்த ஒரு சாண் கடலைப் பார்த்தார். அவர் மார்பு ஏறி இறங்குவது கொஞ்சம் நிதானப்பட்டதை வாசலில் நின்ற நான்கூடப் பார்த்தேன். பிறகு அவர் கை தானாகப் பக்கத்துச் சுவரில் தடவி ஸ்விட்சைக் கண்டுபிடித்தது. போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

“யாரோ மூடியை மாத்தியிருக்கான். கோணலா மாட்டியிருக்கான்” என்றார்.

“நாளைக்கு நீங்களே சரி பண்ணிக்கலாம்” என்றாள் அக்கா.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை, இருக்கவும் கூடாது. ரெண்டு மணிக்குள் தரை துடைக்க வேண்டும், குளியலறை கழுவ வேண்டும். நான் அழுக்குத் துணியை மூட்டை கட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்தாள், புதுச் சோப்பை வைத்தாள், துண்டுகளை வருகிறவர்களுக்காக விசிறி மாதிரி மடித்து வைத்தாள். இந்தப் பக்கம் போகும்போது ஒரு தரம், அந்தப் பக்கம் போகும்போது ஒரு தரம் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டுக்காரி துண்டை விசிறி மாதிரி மடிக்க மாட்டாள்.

“கொஞ்சம் உக்காரு” என்றார் அவர்.

அக்கா கட்டிலருகே வந்து நின்றாள். உட்காரவில்லை. எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருகிற விதி, விருந்தாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது. கால் கடுத்தாலும், மயக்கம் வந்தாலும் உட்காரக் கூடாது. இத்தனை வருடம் நின்றே பழகிய உடம்பு, விரித்து முடித்த விரிப்பைக் கண்டதும் மடங்க மறுத்துவிட்டது.

“இது நம்ம கட்டில்டி” என்றார்.

“ஆமாங்க” என்று சொல்லி விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சமையலறைப் பக்கம் போய்விட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அக்காவின் குரல்தான் கேட்டது, மகள் பிறந்த வருடத்துப் புயல் கதை, கூரை பறந்த கதை. அவர் சிரித்தது ஒரு தரம் கேட்டது. பிறகு சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை தாண்டியிருந்தது. நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். எழுப்ப மாட்டேன் என்கிறாளா, எழுப்ப முடியவில்லை என்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. எது வந்தாலும் வரட்டும், வருகிறவர்களை வாசலிலேயே காலில் விழுந்தாவது நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: “நேரமாச்சு. ஆளு வந்துருவாங்க இல்ல?”

அக்கா பதறிப்போனாள். “யாரு வரப்போறாங்க? சீசன் முடிஞ்சு போச்சுங்க. நம்ம வீடு—”

“என்னைத் தூக்கி அந்த நாற்காலியில வை.”

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். நாற்காலியைக் கட்டிலின் ஜன்னல் பக்கத்து மூலையருகே இழுத்துப் போடச் சொல்லி அதில் உட்கார்ந்துகொண்டார். மூச்சு சீராகும்வரை காத்திருந்து, பிறகு அவளைப் பார்த்தார்.

“விரிப்பு கசங்கிப் போச்சு பாரு. வேற கொண்டு வரலை இல்ல? சரி, இந்த மூலையை நான் புடிக்கிறேன், நீ அந்தப் பக்கம் இழு. நாம வந்துட்டுப் போனது தெரியக் கூடாது.”

அக்கா அந்தப் பக்கம் போனாள். நான் செய்கிறேன் என்று நடுவில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தனை வருடக் கல்யாணத்தில் அவர் ஒரு விரிப்பை மடித்துப் பார்த்திருக்க மாட்டார். மூலையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தாள். அவர் விட்டுக்கொடுத்தார். “இறுக்கிப் புடிங்க” என்றாள். “புடிச்சுட்டேன்” என்றார். “இப்ப உள்ள செருகுங்க. அப்படி இல்ல, முதல்ல மடிச்சு, அப்புறம்.” அவர் செருகினார். நடுவில் அவர் படுத்திருந்த இடத்தில் ஒரு லேசான பள்ளம் இருந்தது. அக்கா உள்ளங்கையால் அதைத் தடவினாள். ஒரு தரம் போதும் அவளுக்கு. அன்று தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் பொட்டுப் பொட்டாக விரிப்பில் விழுந்தது. அவர், “ஈரம் பண்ணாதே” என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்திலிருந்து வெளியே வரும்போது ஒரு குடும்பம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எதிரே வந்தது. அந்தப் பெண் கையில் இருந்த போனைப் பார்த்துப் பார்த்துக் கதவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். அண்ணன் கையை நீட்டி வழி காட்டினார்.

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் பிற்பாடு யோசித்ததுண்டு. வீட்டுக்காரம்மா வாளிமேல் உட்கார்ந்து பேசிய அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தும் தினமும் கேட்டிருக்கிறார். அவள் பொய் சொல்லச் சிரமப்படக் கூடாது என்று கேள்வியை அவரே எடுத்துக்கொடுத்திருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு அவர் “காலியாச்சா?” என்று கேட்கவே இல்லை. அக்கா சாப்பாட்டோடு வந்து உட்கார்ந்து, கேட்பாரா என்று அவர் வாயையே பார்ப்பாள். அவர் கேட்காததால் சொல்லுவதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

சீசன் முடியப் போகிற வாரத்தில், ஒரு மத்தியானம், நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். தொட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது: “தம்பி, இருபத்தி நாலு காலி.”

“அக்கா, கீழ வாங்க.”

“இரு, இன்னும் ரெண்டு ரூம் கிடக்கு. இருபத்தி நாலுல இருந்த ஆளு இருக்கானே—”

“அக்கா. கீழ வாங்க.”

அவள் அதற்குள் கையிலிருந்து விட்டிருந்த மூட்டை மட்டும் இறங்கி வந்து என் காலடியில் விழுந்தது. அதன் பிறகு படியில் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. விருந்தாளிகள் முன்வாசலில் இருந்ததால் மேனேஜர் உடலைப் பின்வாசல் வழியாக எடுத்துப் போகச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டாள். அக்கா போகவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மழைக்கும் ஆள் வருவார்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் யாரோ சொன்னது சரியாக வரவில்லை. பெரிய ஓட்டல்கள் எல்லாம் விலையைப் பாதியாக இறக்கிவிட்டன, ஒரு சாண் கடலை யார் சீந்துவார்கள்? அவள் மறுபடி என் கீழ்த்தளத்துக்கு வந்து, அதே வாளிமேல் உட்கார்ந்தாள்.

“வீடு சும்மாதாம்மா கிடக்கு. பூட்டி வச்சா பூஞ்சை புடிக்குது. பழைய வாடகையே குடு. வேணாம், அதுலயும் குறைச்சே குடு. ஒத்தையா இந்த இருட்டுல எதுக்கு இருக்கே? வீடு காலியாத்தான் இருக்கு.”

அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் இப்போது திட்டுவாள், அழுவாள், எப்படியும் மணிக்கணக்கில் பேசித் தீர்ப்பாள் என்று நான் காத்திருந்தேன்.

“வேணாம்மா” என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா எழுந்து போனாள்.

அதிலிருந்து அக்காவின் பேச்சு அப்படியே ஆகிவிட்டது. ஓட்டைக்குள்ளிருந்து அறை எண் வரும், மூட்டை வரும், கதை வராது. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள், அவள் சுருக்கமாகப் பேசுகிற ஆள் என்பதால்தான் சுருக்கக்கா என்று பெயர் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. இன்னும் அந்தச் சாமான் அறையில்தான் இருக்கிறாள்.

இப்போது மறுபடி சீசன். ஆளு மாறுகிற நாட்களில் அந்த வீட்டை அவள்தான் சுத்தம் செய்கிறாள், நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடப் போகிறேன். ஓட்டலில் ஆள் பற்றாத நாட்களில் நானும் மேலே போய் அவளோடு விரிப்புப் போடுவேன், இரண்டு பேராக நின்றால் வேலை சீக்கிரம் முடியும். போன வாரம் அந்த வீட்டிலும் பழக்கத்தில் ஜன்னல் பக்கத்து மூலையைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன்.

“விடு” என்றாள்.

விட்டேன். அவள் தன் பக்கத்தை இழுத்துச் செருகிவிட்டு, கட்டிலைச் சுற்றி வந்து, அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் குனிந்து, அந்த மூலையையும் தானே மடித்தாள்.